நோட்டீஸின் கடைசி வரி

சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நின்று படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டேன். ஆனால் நாடக நோட்டீஸ் என்றால் அச்சகத்தின் பெயர் வரையில் படித்துவிட்டுத்தான் நகர்வேன். இதனால் பல தடவை பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். அப்படித் தவறவிட்ட ஒரு பஸ்ஸினால் விளைந்ததுதான் இந்தக் கட்டுரை.

பங்குனி மாதத்துச் சாயங்காலம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற சாலையில், கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சின்னக் கிராமம். கண்மாய் என்று பெயர்தான்; உள்ளே தண்ணீருக்குப் பதிலாகச் சீமைக் கருவேல மரங்கள் பெருகிக் கிடந்தன. கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் கால் சிக்கினால் செருப்பு உள்ளே போய்விடும் என்று சொல்லுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்கள். டீக்கடைச் சுவரில் புதிதாக ஒட்டின நோட்டீஸ். அம்மன் கோயில் பொங்கலை முன்னிட்டு அன்று இரவு பத்து மணிக்கு, 'அரிச்சந்திர மயான காண்டம்' நாடகம்.

நோட்டீஸில் ராஜபார்ட்டின் படம் பெரிதாகக் கிரீடத்தோடு இருந்தது. அதே அளவில் ஸ்திரீபார்ட். அவர்களுக்குக் கொஞ்சம் கீழே பபூனும் டான்ஸும். எல்லாருக்கும் கீழே, கடைசி வரியில், தபால்தலை அளவுக்கு ஒரு கிழவரின் முகம். பக்கத்தில் 'ஆர்மோனியச் சக்கரவர்த்தி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. சக்கரவர்த்திக்கு இவ்வளவுதான் இடமா என்று சிரித்துக்கொண்டே நிற்கும்போது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. நான் போகவில்லை. இரவு நாடகத்துக்கு உட்கார்ந்துவிட்டேன்.

வாசகர்களில் பலருக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பட்டணத்துச் சபா நாடகம் அல்ல இது. இதற்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவாள். பபூன் திண்டுக்கல்லிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்குவார். ஒருவருக்கொருவர் முன்பின் பார்த்திராதவர்களாகக்கூட இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்குச் சந்தித்துப் பவுடர் பூசிக்கொண்டு, பத்து மணிக்கு மேடையேறி, விடிகிற வரையில் புருஷன் பெண்டாட்டியாக அழுது தீர்த்துவிட்டு, காலையில் அவரவர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். குறிப்பிட்ட ஒரு நாளைக்கென்று தனித்தனியாக ஆட்களைப் பேசி அமர்த்துவதால்தான் 'ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது.

இது எப்படிச் சாத்தியம்? அதற்குக் காரணமாக ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடக மேடைக்கு என்று அவர் எழுதிக் குவித்த பாட்டுக்களும் விருத்தங்களும் வசனங்களும் நடிகர்களுக்கெல்லாம் பொதுச் சொத்தாகிவிட்டன. 1918-ல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஆரம்பித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுபிள்ளைகளாகச் சேர்ந்தது அங்கேதான். சபாவில் அவர் கற்றுக்கொடுத்த பாடம் பையன்களின் வாய்வழியாக ஊர் ஊராகப் போயிற்று. 1922-ல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். மறு வருஷமே மதுரையில் நாடக நடிகர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். அன்று முதல் இன்று வரையில், 'வள்ளி திருமணம்' என்று சொன்னால் போதும்; வள்ளி என்ன பாடுவாள், நாரதர் எங்கே மடக்குவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒத்திகைக்கு அவசியமில்லை.

அவசியமில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு நான் பார்த்தது வேறு.

மேடை ஓரத்தில் மிருதங்கம், 'ஆல்ரவுண்டு' என்கிற பலவாத்தியக்காரர், இவர்களோடு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயது 73. முன்னால் கால் ஆர்மோனியம். இது பஜனை மடங்களில் தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி அடித்துக்கொண்டு மற்றக் கையால் வாசிக்கிற சின்னப் பெட்டி அல்ல. தையல் மெஷின்போலக் காலால் மிதிக்கிறது. கால் காற்றைக் கொடுப்பதால் இரண்டு கையும் வாசிப்புக்குக் கிடைக்கும். வலது கை பாடகரைத் தொடர்ந்து மேலே ஓடும். இடது கை கீழே சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும்.

அந்த இடது கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் காதில் அது விழுவதே இல்லை. கூரைக்கு அடியில் கிடக்கிற உத்தரத்தை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? ஆனால் சரித்திரத்தை எழுதுகிறவர்களும் அண்ணாந்து பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் நகரத்தில் அலெக்சாந்தர் தெபென் என்பவர் உண்டாக்கின வாத்தியம் ஆர்மோனியம். பாதிரிமார்கள் சர்ச்சில் வாசிக்கக் கொண்டுவந்தார்கள். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875-ல் அதன் காலை வெட்டிக் கைப்பெட்டியாக்கினார். வடக்கே பிறந்த பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே ஊர்வலம் வந்தபோது நம் ஆட்கள் அதைக் கண்டு சொக்கிப்போனார்கள். மயங்குவதற்கு நியாயமும் இருந்தது. மைக் இல்லாத காலம். ஆயிரம் பேர் கூடின கொட்டகையில் வீணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தந்தி வாத்தியத்தை வண்டியில் ஏற்றிப் புழுதியிலும் வெயிலிலும் கொண்டுபோனால் சுருதி கலைந்துவிடும். ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகளுக்கு அந்தக் கவலை இல்லை. கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறவனுடைய காதுக்கும் அது எட்டும். எங்கள் கரிசல் காட்டுக்கு என்றே செய்ததுபோல ஒரு வாத்தியம்.

சங்கீத வித்துவான்களுக்கு மட்டும் அதைப் பிடிக்கவில்லை. கமகம் வராது, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுமே ஒழிய வழுக்காது. இந்தக் குறை உண்மையான குறைதான். நல்ல தோடியை ஆர்மோனியத்தில் கேட்டால் எனக்கும் பல் கூசும். ஆனால் குறையைச் சொல்வது ஒன்று, ஆளை வெளியே தள்ளுவது இன்னொன்று. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிலையத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று தடை செய்துவிட்டது. ரவீந்திரநாத் தாகூரின் ஆதரவும் அந்தத் தடைக்கு இருந்தது. 1971-ல்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல், ஒரு வாத்தியம் ராஜாங்கத்தின் காதுக்கு ஆகாத வாத்தியமாக இருந்தது. மேடையில் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் பெட்டி வாசிக்கிறவன் பெயர் வானொலியில் வராது.

அதே 1940-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னையில், வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்த எஸ். எஸ். விசுவநாததாஸ் மேடையிலேயே உயிரை விட்டார். அவர் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர்; எங்கள் பக்கத்து மனிதர். புராண வேஷத்தைப் போட்டுக்கொண்டு, நடுவில் மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டுக்களைப் பாடியே பல தடவை ஜெயிலுக்குப் போனார். ராஜத்துவேஷப் பாட்டைக் குறித்துக்கொள்ளப் போலீஸார் கொட்டகையிலேயே காத்திருப்பார்கள். அவரை நாம் நினைக்கிறோம், நினைக்க வேண்டியதுதான். போலீஸ் காத்திருந்த அந்த மேடைகளின் ஓரத்தில், சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கைகளை நினைப்பதில்லை. பாட்டு ராஜத்துவேஷம் என்றால் பின்பாட்டும் ராஜத்துவேஷம்தானே?

செங்கோட்டைக் கிட்டப்பாவைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 1906-ல் பிறந்து 1933-ல் போய்விட்ட அந்த 27 வயதுப் பையனின் குரலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவருக்குப் பெட்டி வாசித்த அண்ணன் காசி ஐயரைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு பேசினார்களா? எஸ். எம். சுப்பையா நாயுடுவும் ஜி. ராமநாதனும் ஆர்மோனியத்தை நம்பி வாழ்க்கையை ஆரம்பித்தவர்கள்தான். சினிமாவுக்குப் போய் இசையமைப்பாளர்கள் ஆனபிறகு அவர்கள் பெயர் ஊருக்குத் தெரிந்தது. போகாதவர்கள் மேடை ஓரத்திலேயே இருந்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாடகத்திலிருந்து மெட்டுக்களையும் ஆட்களையும் வாரிக்கொண்டு போன சினிமா, பிற்பாடு அதே நாடக மேடைக்குத் தன் பாட்டுக்களைத் திருப்பி அனுப்பியது. இப்போது பபூனும் டான்ஸும் வருகிற முதல் இரண்டு மணி நேரம் முழுக்கச் சினிமா மெட்டுத்தான். நம் பெரியவர் சுவாமிகளின் பாட்டுக்களை வாசிக்கிற அதே விரல்களால் போன மாதம் வந்த படத்துப் பாட்டையும் வாசிக்க வேண்டும். முன்வரிசையில் இளவட்டங்கள் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். தெரியாது என்று சொல்லக்கூடாது.

"எப்படி அய்யா கத்துக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பேரன் போன்ல போட்டுக் காட்டுவான் தம்பி. ரெண்டு தடவை கேட்டாப் போதும். எல்லாம் நம்ம பழைய சரக்குத்தான், சட்டைதான் வேற" என்றார்.

பபூன் அன்று அவரை விடவில்லை. "பெட்டிக்காரத் தாத்தா, நீங்க மெதிக்கிறது ஆர்மோனியமா, இல்லை எமன் வர்ற சைக்கிளா?" என்று கேட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவரும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். இந்த ஹாஸ்யத்தை அவர் அந்தப் பங்குனியில் எத்தனை இரவு கேட்டிருப்பாரோ! ஒவ்வொரு இரவும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றியது.

மணி நாலுக்கு மேல் மயான காண்டம் வந்தது. குழந்தைகளெல்லாம் பாயில் சுருண்டு கிடந்தன. கிழவிகள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி புலம்ப வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தொடர்ந்து நாலாவது இரவு நாடகமாம், தொண்டை கட்டியிருந்தது. முதல் விருத்தத்தில் மேலே போகும்போது குரல் உடைந்தது. அழுகையில் உடைந்ததாக ஜனங்கள் நினைத்தார்கள். அவள் பெரியவர் பக்கம் லேசாகத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பெரியவர் காலை எடுத்துவிட்டார். காற்றுக் குறைந்து, பெட்டியின் ஓசை தானாகத் தேய்ந்து, நின்றேபோய்விட்டது. அந்த இடைவெளியில் அவள் பிணத்தின்மேல் விழுந்து விம்மினாள். மறுபடியும் கீழே சட்ஜம் எழும்பியது. அவள் எடுத்துப் பாடினாள். இந்தத் தடவை குரல் தடுக்கவில்லை. ஒரு கிழவி "அடி என் ஆத்தா!" என்று வாய்விட்டு அழுதுவிட்டாள்.

நடந்தது என்ன என்பது எனக்கும் தெரிந்திருக்காது. மிருதங்கக்காரர்தான் காட்டிக்கொடுத்தார். விருத்தத்துக்குத் தாளம் இல்லாததால் சும்மா இருந்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு சுருதிக் கல்லை எடுத்து விளிம்பில் தட்ட ஆரம்பித்தார். ஏன் தட்டுகிறார்? சுருதி மாறிவிட்டது. ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்த பெண்ணைப் பெரியவர் நாலரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். கேட்பதற்கு அரைக் கட்டைதான். வாசிக்கிற விரலுக்கோ ஊரே மாறிப்போகும். சட்ஜம் வெள்ளைக் கட்டையிலிருந்து கறுப்புக் கட்டைக்குப் போய்விடும்; அதுவரை விரல் நடந்த வழி ஒன்றுகூட உதவாது. விடியற்காலை நாலரை மணிக்கு, ஆறு மணி நேரம் மிதித்து ஓய்ந்த காலோடு, ஒரு பார்வைக்குப் பதிலாக அதைச் செய்கிறார் ஒருவர். ஒத்திகை இல்லாமல் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது என்கிறோமே, நடத்துகிறவர் இவர்தான்.

நாடகம் முடிந்து வேஷம் கலைக்கிற நேரத்தில் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பிள்ளைக்குத் தொண்டை சரியில்லை. நாமதானே பார்த்துக்கிடணும்" என்றார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே, "கீபோர்டுல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு தம்பி. அமுக்கினாப் போதும், தானா இறங்கிக்கிடும்" என்றார்.

அதில் பொறாமையோ கேலியோ இல்லை. உள்ளதைச் சொன்னார். கீபோர்டுக்குக் கால் வலிக்காது. புழுதி படிந்து நாக்கு ஒட்டாது. புல்லாங்குழல், வயலின் எல்லாம் அதிலேயே பேசும். கரண்டு போனால்தான் அது ஊமை. இப்போதெல்லாம் ஜெனரேட்டர் வந்துவிட்டது. பெட்டியை மாற்றிக்கொள்ளலாமே என்று மகன் சொல்கிறானாம். இவருக்குக் காலால் மிதித்தால்தான் பாட்டு ஞாபகத்துக்கு வருகிறதாம்! நான் நம்புகிறேன். எனக்கும் பேனாவைப் பிடித்தால்தான் வாக்கியம் வரும்.

அவர் வாழ்க்கை நாலு மாத வாழ்க்கை. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. அதற்குப் பின் ஆடியில் கொஞ்சம் உண்டு. மற்ற மாதங்களில் கல்யாண வீட்டுக்கோ பஜனைக்கோ யாராவது கூப்பிட்டால் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததே, அது சரியாகப் பங்குனிப் பொங்கலில் வந்து விழுந்தது. அடுத்த வருஷமும் சித்திரையில் கதவை அடைத்துவிட்டார்கள். உழவனுக்கு இரண்டு வருஷம் மழை பொய்த்தால் கணக்கு எடுக்க ஆட்கள் வருவார்கள். இவர் இரண்டு வெள்ளாமையைக் கோட்டைவிட்டார். அந்த நாளில் பெட்டியை விற்றுவிடலாமா என்று நினைத்ததுண்டாம். "வாங்க ஆள் வரலை, அதனால தப்பிச்சது" என்றார். தினமும் பத்து நிமிஷம் மிதித்து மட்டும் வைப்பாராம், துருத்தித் தோல் காய்ந்து போகாமலிருக்க.

இந்தத் திருச்சுழிதான் 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர். மௌனத்துக்குப் பேர்போன மகானைப் பெற்ற சீமையில் இரவெல்லாம் ஒலிபெருக்கி அலறுகிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அருப்புக்கோட்டைத் தொகுதிக்கு வேறொரு பெருமை உண்டு. சிறு பிள்ளையாக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து வேஷம் கட்டின எம். ஜி. ஆர்., 1977-ல் இந்தத் தொகுதியில் ஜெயித்துத்தான் முதல் மந்திரியானார். நாடகக்காரனைச் சிம்மாசனத்தில் உட்கார்த்தி வைத்த ஜனங்கள் என்று பெருமையாகச் சொல்லலாம். மேடையின் நடுவில் நின்ற நாடகக்காரனை, என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விடிந்து கமிட்டியார் பணம் எண்ணினார்கள். ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் முதலில். துண்டு போர்த்தி மரியாதை. பெட்டிக்குக் கடைசியில். நோட்டீஸில் போட்டிருந்த அதே வரிசை. கமிட்டியில் ஓர் இளைஞன், கெட்டவன் இல்லை, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பிரியமாகவே சொன்னான்:

"தாத்தா, அடுத்த வருஷம் கீபோர்டு வைக்கலாம்னு பேசிக்கிறாங்க. நீங்க சும்மா வந்து நாடகம் பார்த்துட்டுப் போங்க. பஸ் சார்ஜ் நாங்க தர்றோம்."

பெரியவர், "ஆகட்டும்ப்பா" என்றார். பணத்தை எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு பெட்டியின் கால்களை மடக்கி, மேல்பலகையை இறக்கிக் கொக்கியைப் போட்டார். அந்த ஸ்திரீபார்ட் பெண் முகத்தில் பாதிப் பவுடரோடு ஓடி வந்து, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "வாரேன் அப்பா. நாளைக்கு நரிக்குடிப் பக்கம் நாடகம். அங்கே யார் பெட்டின்னு தெரியலை" என்றாள்.

"யாரா இருந்தாலும், ஆரம்பத்திலேயே நாலரைன்னு சொல்லிரு தாயி. நாலு நாளைக்கு மேலே போகாதே. சுக்கும் மிளகும் போட்டுக் குடி."

நானும் ஒரு பக்கம் பிடிக்க, பெட்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தோம். இரண்டு பேர் தூக்கியும் எனக்கு மூச்சு வாங்கியது. இதை அவர் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை ஊர் இறங்கி ஏறியிருக்கிறார்! அருப்புக்கோட்டை பஸ் வந்தது. பெட்டியைப் பின்வாசல் வழியாக ஏற்றினோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"போடுங்க. எப்பவும் அரை டிக்கெட்தான் போடுவாங்க."

"யார் போட்டாங்க? இது ஆளைவிடப் பெருசா இருக்கே! முழு டிக்கெட்."

பெரியவர் வாதாடிப் பார்த்தார். கண்டக்டர் மசியவில்லை. கடைசியில் இடுப்பிலிருந்து பணத்தை எடுத்து இரண்டு முழு டிக்கெட் வாங்கினார், ஒன்று தனக்கு, ஒன்று பெட்டிக்கு. பாலவநத்தம் தாண்டி விருதுநகர் வரையில் போக வேண்டியவர். உட்கார இடம் இல்லை. முழு டிக்கெட் வாங்கின பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, பஸ் புறப்பட்ட ஐந்து நிமிஷத்தில் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். வலது கை மடியில் கிடந்தது. இடது கை மட்டும் பெட்டியின் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது.